ஒன்பதாம் எண்ணின் குறிப்புகள்

முதலில் அவன் கண்ணில் பட்டது குடைதான். நீலக் குடை. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு... பிறகு இன்னொரு சொட்டு... நேராக அவன் மடியிலிருந்த அட்டைப்பெட்டியின் மேல் விழுந்தது.

“குடையக் கொஞ்சம் அந்தப் பக்கம் புடிங்க” என்றான் வேந்தன், நிமிராமலே.

“முதல்ல இந்தக் கர்ச்சீப்ப எடுங்க. நான் உக்காந்தா குடையும் உக்காரும்.”

அவன் நிமிர்ந்தான். குடையைப் பிடித்தபடி ஒரு பெண்.

பெங்களூருக்குப் போகும் காலை ரயில் கோரமண்டல் ஸ்டேஷனில் நின்றிருந்தது. வெளியே ஜூன் மழை. மாரிகுப்பத்திலேயே ஏறி ஜன்னலோரம் பிடித்திருந்த வேந்தன், எதிர் இருக்கையில் நண்பன் ரூபேஷுக்காகக் கர்ச்சீப் போட்டு வைத்திருந்தான். ரூபேஷ் நடுவில் சாம்பியன் ஸ்டேஷனில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ஆனாலும் போட்ட கர்ச்சீப்பை எடுப்பது இந்த ரயிலில் வழக்கம் இல்லை...

அவள் எடுத்தாள். இரண்டு விரலால் தூக்கி, நான்காக மடித்து, அவன் பெட்டியின் மேலேயே வைத்தாள்.

“இது டிக்கெட் எடுத்திருக்கா?”

பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அவள் கண்கள் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குச் சற்று முன்னால் வந்து நின்றிருந்தன. இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வேந்தன் அந்தத் துளியையே பார்த்தான். தான் பார்ப்பது தனக்கே தெரிந்ததும், பெட்டியைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டான்.

“அப்பிடித் துடைக்கிறீங்க... உள்ள இன்னா, முட்டையா?”

“கை.”

“இன்னாது?”

வேறு வழியில்லாமல் திறந்து காட்டினான். உள்ளே இரண்டு கறுப்புக் கையுறைகள். விரல் நுனிகளில் பொட்டு வைத்ததுபோல் சின்னச் சின்ன உலோக வில்லைகள். ஒன்றை இங்கே ஒருவர் போட்டுக்கொண்டால், இன்னொன்றைப் போட்டிருப்பவர் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் இவருடைய பிடியை உணர்வார் என்று சொன்னான். வாதம் வந்து கை விழுந்தவர்களுக்கு, பெங்களூரில் இருக்கும் டாக்டர் அங்கிருந்தபடியே விரல்களைப் பிடித்துப் பயிற்சி கொடுக்கலாம். சொல்லும்போது தான் அதிகம் பேசுகிறோமோ என்ற சந்தேகம் வந்தது. ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் ஷோபா. பெங்களூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் விளிம்பு தீட்டும் வேலை. தீட்டிய விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவித்தான் பார்ப்பாளாம். மெஷினைவிட விரல் நம்பகம் என்றாள்.

பெங்களூர் வந்தது. வேந்தன் எழுந்தான்.

“ஏங்க... எயிந்திரிக்கறதுக்கு முன்னாடி சீட்ட மூணு தட்டு தட்னீங்களே, இன்னா அது? கேஜ் வருதா?”

“நான் தட்டல.”

“தட்னீங்க.”

“இல்லங்க” என்றான். காது சூடாகிவிட்டது.

தட்டினான்தான். அவன் வீட்டில் எல்லோரும் தட்டுவார்கள். அப்பா சிவலிங்கம் தங்கச் சுரங்கத்தின் வாயிலில் மணி அடிப்பவராக இருந்தவர். கேஜ் என்கிற இறங்கு கூண்டில் ஆட்கள் ஏறிவிட்டால், அது நகரும் முன்னால் மூன்று மணி. ஆள் இருக்கிறது, பார்த்து இறக்கு என்று அதற்கு அர்த்தம். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அந்த மூன்று மட்டும் அவர் விரலில் தங்கிவிட்டது. குழந்தையைத் தூக்கும் முன், சோற்றுப் பானையை இறக்கும் முன், யாருடைய கையையாவது பிடிக்கும் முன்... மூன்று தட்டு. அலுவலகத்தில் ஒருவன் இதைப் பார்த்துச் சிரித்த நாளோடு, இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டதாக வேந்தன் நம்பியிருந்தான்.

படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தான். நீலக் குடை கூட்டத்தில் விரிந்தது. கண்கள் இப்போது சிரித்துக்கொண்டிருந்தன.

மறுநாளிலிருந்து அந்தக் கர்ச்சீப் ரூபேஷுக்கு இல்லை.

ஆறு வாரம். வேந்தன் பிற்பாடு எண்ணிப் பார்த்தான். ஞாயிறுகளும், அவள் லீவு போட்ட மூன்று நாட்களும் கழித்தால் முப்பத்து மூன்று காலைகள். அதில் பாதி நாள் மழை. அவர்கள் பெரிதாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை. அவள் அம்மா ஜெயம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சோற்றில் பாதி அவனுக்கு வந்தது. அவன் வீட்டில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காலண்டரில் முருகன் இருப்பது எப்படி என்று அவள் கேட்டாள். மளிகைக் கடைக்காரன் கொடுத்தது, அம்மாவுக்குத் தூக்கிப் போட மனசில்லை என்றான். இதற்குப் போய் அரை மணி நேரம் சிரித்தார்கள்.

வேலையைப் பற்றியும் சொன்னான். அவள் கேட்டதால் சொன்னான்.

“போன்ல குரல் கொஞ்சம் லேட்டா வந்தா காது பொறுத்துக்கும். படம் லேட்டா வந்தா கண்ணு பொறுத்துக்கும். கை பொறுக்காதுங்க. ஒரு நொடிய ஆயிரமா பங்கு போட்டு, அதுல பத்து பங்கு லேட்டானாக்கூட, இது பொய்யின்னு கை கண்டுபுடிச்சிடும்.”

“அப்ப லேட்டானா இன்னா பண்ணுவீங்க?”

புது நெட்வொர்க் வேகமானதுதான். ஆனாலும் சில சமயம் தடுமாறும். அதற்காக டவர் அடியிலேயே ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். டாக்டரின் கை அடுத்து எப்படி அழுத்தும் என்பதை அது முந்திக்கொண்டு ஊகித்து, உண்மையான தொடுதல் வந்து சேரும்வரை தன் ஊகத்தால் நிரப்பிவிடும். அந்தப் பெட்டிக்குக் கற்றுக்கொடுத்தவன் வேந்தன். ஒன்றரை வருடம் தன் கை அசைவுகளையே பதிவு செய்து, தேவையில்லாத நடுக்கங்களைக் கழித்து, சுத்தமாகக் கற்றுக்கொடுத்திருந்தான்.

ஒரு சோதனை மட்டும் பாக்கி இருந்தது. கோரமண்டலில் வாடகைக்கு எடுத்த ஒரு அறையில், சனிக்கிழமைகளில், பன்னிரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராகக் கையுறை போட்டுக்கொள்வார்கள். பெங்களூரிலிருந்து வேந்தன் நாற்பது முறை தொடுவான். சில அவன் கை, சில வெறும் பெட்டி. எது எது என்று அவர்கள் தாளில் குறிக்க வேண்டும். வித்தியாசம் தெரியவில்லை என்றால் பெட்டி ஜெயித்தது. அறை நிரந்தரமாகும். முதலில் வரப்போகும் நோயாளிகளில் அவன் அப்பாவும் ஒருவர். இரண்டு வருடமாக அவருடைய வலது கை மடியிலேயே கிடந்தது.

சோதனைக்கு ஆள் சேர்த்தவள் எலைன், அந்த அறைக்குப் பொறுப்பான நர்ஸ். பெயர்கள் அவளிடம் மட்டும். வேந்தனுக்கு எண்கள்தான் தெரியும். கலந்துகொள்பவர்கள் வெளியே பேசக் கூடாது என்று விதி எழுதியவனும் அவனே.

முடிவுகள் வந்தன. ஒருவருக்குப் பத்தொன்பது சரி, ஒருவருக்கு இருபத்திரண்டு, பதினெட்டு, இருபத்தொன்று... கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் அவ்வளவுதான் வரும். பெட்டி ஜெயித்துக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் எண்: நாற்பதுக்கு நாற்பது.

வேந்தன் அந்த வரியை மறுபடி பார்த்தான். காசை நாற்பது முறை சுண்டி, நாற்பதும் பூவாகவே விழுந்தால் யார் நம்புவார்கள்? பெட்டி ஊகிக்கும்போது அறையிலிருக்கும் கையுறைக் கருவியில் ஒரு பச்சை விளக்கு மினுக்கும். துணி போட்டு மூடச் சொல்லியிருந்தான். துணி விலகியிருக்கும். யாரோ பார்த்திருக்கிறார்கள்... வேறு காரணம் அவனுக்குத் தோன்றவில்லை. அறிக்கை கொடுக்க மூன்று நாள்தான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை அவனே கோரமண்டல் போனான். ஒன்பதாம் எண்ணை வரச் சொல்லுங்கள் என்றான்.

உள்ளே வந்தவள் ஷோபா.

அவள் சிரித்தாள். முப்பத்து மூன்று காலைகளாக மறைத்து வைத்திருந்த ஒன்றைக் கொடுக்க வந்தவள்போல... கண்களில் அப்படி ஒரு வெளிச்சம். அறையில் எலைன் இருந்தாள். இன்னும் ஆறு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதாவது அவன் வெளியே அழைத்துப் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் தெரிந்த பெண் என்பதாலேயே கடுமையாகக் கேட்க வேண்டும் என்று நினைத்தான். இல்லையென்றால் நாளைக்கு யாராவது, உன் ஆளா அவள் என்று கேட்பார்கள்... அந்தப் பயம்.

“விளக்கப் பாத்துதான குறிச்சீங்க?”

வெளிச்சம் அணைந்தது. “எந்த விளக்கு?”

“நாப்பதும் சரியா போடறது நடக்காத காரியம். ஒண்ணு பாத்திருக்கணும். இல்ல யாராவது சொல்லியிருக்கணும்.”

“யாரும் சொல்லல.”

“பின்ன எப்பிடித் தெரிஞ்சிது?”

அவள் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தாள். எலைனைப் பார்த்தாள். கடைசியாக அவனைப் பார்த்தாள். உனக்கே தெரியவில்லையா என்று கேட்கும் பார்வை. அதை அவன் குற்றவாளியின் மௌனம் என்று எடுத்துக்கொண்டான்.

“இங்கயே சொல்லணுமா?” என்றாள் மெதுவாக.

“சொல்றதுக்கு இருந்தா சொல்லுங்க.”

அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

“ஒம்பதாம் நம்பர அடிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு நீலக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எலைன் ஏதோ சொல்ல வந்தாள். வேந்தன் கேட்கவில்லை. மேசையிலிருந்த ஷோபாவின் தாளின் மேல் சிவப்புப் பேனாவால் குறுக்காக ஒரு கோடு இழுத்தான். நேரான கோடு. கை நடுங்கவில்லை. பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம், கொஞ்சமாவது நடுங்கியிருக்கலாமே என்று தோன்றும்.

பதினொரு பேரின் முடிவோடு அறிக்கை போனது. பெட்டி தேறியது. மேலாளர் டைட்டஸ் தோளில் தட்டிக்கொடுத்தார். இன்னும் இரண்டு ஊர்களில் வைக்கலாம், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

திங்கட்கிழமை வேந்தன் வழக்கம்போல் எதிர் இருக்கையில் கர்ச்சீப் போட்டான். கோரமண்டலில் அவள் ஏறவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை அந்த இடத்தில் ரூபேஷ் உட்கார்ந்து, “இன்னா குரு, என் மேல திடீர்னு பாசம்?” என்றான். வேந்தனுக்குச் சிரிப்பு வரவில்லை.

தான் செய்தது சரி என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒரு முடிவு மற்ற எல்லாவற்றோடும் ஒத்துப்போகாமல் தனியாக நின்றால், அதை விலக்குவதுதான் முறை. எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ரயில் கோரமண்டலில் நிற்கும் ஒவ்வொரு காலையும், அந்த முறையின் மேல் அவனுக்கிருந்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. போன் செய்யலாம் என்று எண்ணைத் தேடுவான். என்ன சொல்வது? நீங்கள் ஏமாற்றியதை மன்னித்துவிட்டேன் என்றா? வைத்துவிடுவான்...

ஆகஸ்ட் போனது. செப்டம்பரில் கோரமண்டல் அறை நிரந்தரமானது. அக்டோபரில் அப்பா முதல் முறையாகச் சுண்டுவிரலை அசைத்தார். அம்மா பழனியம்மா புத்தருக்கும் முருகனுக்கும் சேர்த்தே விளக்கு வைத்தாள். வேந்தன் சந்தோஷப்பட்டான். இதைச் சொல்வதற்கு ஒருத்தி இருந்தாளே என்ற நினைப்பும் கூடவே வந்தது.

நவம்பரில் மறுபடி மழை.

அந்தச் சனிக்கிழமை பெங்களூர் டாக்டரம்மாவுக்குக் காய்ச்சல். அன்றைக்கு மட்டும் வேந்தனே கையுறையைப் போட்டுக்கொண்டு நோயாளிகளின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினான். அப்பாவின் முறையும் வந்தது. ஆள் மாறியதை அவரிடம் சொல்லவில்லை. பதினைந்து நிமிடம் முடித்துவிட்டு, மதிய ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்தான்.

அப்பா நாற்காலியில் இருந்தார். வாதத்துக்குப் பிறகு அவர் பேச்சு மெதுவாகத்தான் வரும்.

“இன்னிக்கி... டாக்டரம்மா இல்ல. நீ.”

“எலைன் அக்கா சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல. நீ தட்டிட்டுத்தான எடுத்த... மூணு.”

வேந்தன் தன் விரல்களைப் பார்த்தான்.

“நடுவுல ரெண்டு வாட்டி தட்டல” என்றார் அப்பா. “கை இருந்திச்சி... நீ இல்ல. அப்ப எங்க பூட்ட?”

அவன் உள்ளே போய்க் கணினியைத் திறந்தான். அன்றைய பதிவு முழுதும் இருந்தது. அப்பாவின் பதினைந்து நிமிடத்தில் நெட்வொர்க் தடுமாறியது சரியாக இரண்டு முறை. அந்த இரண்டு முறையும் பெட்டி நிரப்பியிருந்தது. மற்ற ஒவ்வொரு பிடிக்கும் முன்னால், திரையில் ஓடிய கோட்டில் மூன்று சின்ன முட்கள்... அவன் விரலின் தட்டல்கள். பெட்டிக்குக் கற்றுக்கொடுத்தபோது, இவை நடுக்கம், கழித்துவிடு என்று சொன்னவன் அவன்தான். கழித்தது அவனுடைய கையெழுத்தை.

கேஜ் வருதா?

ஜூன் மாதத்து முதல் நாளிலேயே அவள் கேட்டிருந்தாள். இல்லவே இல்லை என்று அவன் சொல்லியிருந்தான்.

குடைகூட எடுக்காமல் கோரமண்டலுக்கு ஓடினான். எலைன் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். சோதனைத் தாள்கள் வேண்டும் என்றான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“நாலு மாசம் கழிச்சா?”

அலமாரியிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கொடுத்தாள். ஒன்பதாம் தாள். முன்பக்கத்தில் நாற்பது குறிகள், அவற்றின் மேல் அவனுடைய சிவப்புக் கோடு. திருப்பினான். பின்பக்கத்தில் குறிப்புகளுக்கென்று அவன்தான் இடம் விட்டிருந்தான். யாரும் எழுதமாட்டார்கள் என்று நினைத்திருந்தான். சிவப்பு மை இங்கேயும் கசிந்திருந்தது. அதன் அடியில் பொடிப்பொடியான எழுத்து.

ஒன்று, தட்டிட்டு வந்தது, கை. இரண்டு, தட்டிட்டு வந்தது, கை. மூன்று, தட்டாமல் வந்தது, பெட்டி...

அப்படியே முப்பத்தொன்பது வரை. கடைசியாக:

‘நாற்பது, தட்டிட்டு வந்தது. இது யார் கை என்று எனக்கு முதல் தடவையே தெரிந்துவிட்டது. எழுதினால் டெஸ்ட் கெட்டுவிடுமா, தெரியவில்லை. பொய்யாகக் குறித்தால் அவருக்கு நல்லது என்றும் தோன்றியது. ஆனால் அவர் கையைப் பெட்டி என்று எழுத எனக்கு வரவில்லை. இத்தோடு முடிந்தது என்று எலைன் அக்கா சொன்னபோது, இன்னும் நாற்பது இருந்திருக்கலாம் என்று இருந்தது.’

வேந்தன் அதை நின்றுகொண்டே இரண்டு முறை படித்தான். மூன்றாவது முறை எழுத்து தெரியவில்லை.

“அன்னிக்கே இதத்தான் சொல்ல வந்தேன்” என்றாள் எலைன். “நீ கோடு போடறதுல இருந்த. இப்ப அவ லேடீஸ் கோச்சுல போறா. வாணியம்பாடியிலேருந்து பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழம பதில் சொல்லணுமாம்.”

அன்றிரவு அவன் உடனே அவளிடம் ஓடவில்லை. முதலில் செய்ய வேண்டியது வேறு இருந்தது. ஞாயிறு முழுதும் உட்கார்ந்து அறிக்கையைத் திருத்தி எழுதினான். ஒன்பதாம் எண்ணின் முடிவு சரியானது. அதை விலக்கியது என் தவறு. பெட்டி ஒருவர் கையின் பழக்கத்தை அழித்துவிடுகிறது. கையை அறிந்தவர்களிடம் அது தேறாது. அனுப்பிவிட்டு டைட்டஸுக்குப் போன் செய்தான். பாஸ் ஆனதை யாராவது தானே ஃபெயில் செய்துகொள்வார்களா என்று அவர் கேட்டார். அறை நடக்கட்டும், ஆனால் இதைச் சரிசெய்யும்வரை மற்ற இரண்டு ஊர்களும் கிடையாது, அந்தப் பொறுப்பும் கிடையாது என்றார். சரி என்றான்.

திங்கட்கிழமைக் காலை. பங்காருபேட்டையில் ரயில் சில நிமிடம் நிற்கும். வேந்தன் இறங்கி, மழையில் நடந்து, பெண்கள் பெட்டியின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். நான்காவது ஜன்னலில் நீலக் குடை மடங்கிச் சாய்ந்திருந்தது.

“ஷோபா.”

அவள் திரும்பினாள். அதே கண்கள். ஆனால் சிரிப்பு ரொம்ப தூரத்தில் இருந்தது.

“உங்க கோச் அங்க இருக்கு.”

“தெரியும். குறிப்பப் படிச்சேன்.”

பக்கத்துப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் கம்பியைப் பார்த்தபடி கேட்டாள்.

“எப்ப?”

“முந்தாநாள்.”

“நாலு மாசம்...” என்றாள். “பத்து பங்கு லேட்டானாலே கை பொறுக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க.”

இரவெல்லாம் யோசித்து மூன்று வாக்கியம் தயார் செய்திருந்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“ரிப்போர்ட்ட மாத்தி அனுப்பிட்டேன். நீங்க போட்டது எல்லாம் சரி. நான்தான் தப்பு.”

“நான் ரிப்போர்ட்டுக்காக எழுதல.” ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அத்தினி பேர் முன்னாடி கேட்டீங்க. நான் இன்னா சொல்லியிருக்கணும்? உங்க கைய எனக்குத் தெரியும்னா? கண்ண மூடிகினாலும் தெரியும்னா? அத அங்க வெச்சி சொல்ல முடியுமா ஒரு பொண்ணு?”

“தனியா கேட்டிருக்கணும்.”

“கேக்கவே வேணாம். நம்பியிருந்தா போதும்.”

மழை அவன் சட்டைக் காலருக்குள் இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை. முன்னால் எங்கோ எஞ்சின் ஊதியது.

“ஞாயித்துக்கிழம வாணியம்பாடிக்கு இன்னா சொல்லப் போறீங்க?”

“நீங்க இன்னா சொல்ல வந்தீங்க? அத முதல்ல சொல்லுங்க. ட்ரெயின் எடுத்துடுவான்.”

வேந்தன் மூச்சை இழுத்துக்கொண்டான்.

“உங்களப் புடிக்கும். அந்தக் குடை சொட்டின அன்னிக்கிலேருந்து புடிக்கும். சொல்ல தைரியம் இல்லாம கர்ச்சீப் போட்டு வெச்சிகினு இருந்தேன். எங்க அப்பா ஒரு கைய, வெறும் கையத் தொட்டே நான்னு கண்டுபுடிச்சார். நீங்களும் கண்டுபுடிச்சீங்க. நான் உங்க மூஞ்சப் பாத்தும் உங்களக் கண்டுபுடிக்கல. அதுக்கு இன்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல, ஷோபா.”

ஒரு வயதான அம்மாள் உள்ளிருந்து, “பதில் சொல்லேம்மா” என்றாள். ஷோபா கம்பிகளுக்கு நடுவே கையை வெளியே நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. அதில் மழை விழத் தொடங்கியது.

அவன் கை உயர்ந்தது. நின்றது. ஈரமான ஜன்னல் விளிம்பில் விரல் மூன்று முறை தட்டியது. இந்த முறை தட்டுவது அவனுக்குத் தெரிந்தது. எல்லோரும் பார்ப்பதும் தெரிந்தது.

பிறகு தொட்டான்.

சில்லென்று இருந்தது. ஆள்காட்டி விரலின் ஓரம் மட்டும் சொரசொரப்பு... தினமும் கண்ணாடி விளிம்பைத் தடவித் தடவிக் காய்ந்துபோன தோல். அவனுக்கு இது தெரியாது. அவள் அவன் கையை நாற்பது தடவை உணர்ந்திருக்கிறாள். அவள் கை அவனுக்கு இதுதான் முதல் தடவை. ஜூலையிலேயே தெரிந்திருக்க வேண்டியது.

ரயில் ஒரு முறை குலுங்கி நகர்ந்தது. அவன் கூடவே நடந்தான்.

“நாளைக்குக் கர்ச்சீப் போட்டு வைங்க” என்றாள். கண்களில் இருந்தது மழை இல்லை. “வாணியம்பாடிக்கு முடியாதுன்னு சொல்லிட்டு வரேன். ஆனா மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க. அதுக்கு இன்னும் நாள் இருக்கு.”

“சரி.”

“அந்தக் கை எனக்கு மறக்கவேயில்ல. மறக்கணும்னு பாத்தேன்... முடியல. அதான் கோபம்.”

விரல்கள் விலகின. நான்காவது ஜன்னல் போயிற்று, அவனுடைய பெட்டியும் போயிற்று, கடைசிப் பெட்டியும் போயிற்று. வேந்தன் நடைமேடையில் நின்றான். அன்றைக்கு அவன் வேலைக்குத் தாமதம். உள்ளங்கையை மூடிக்கொண்டு, அந்தச் சொரசொரப்பு போய்விடக் கூடாதே என்று, அடுத்த ரயில் வரும்வரை விரிக்காமலே நின்றிருந்தான்.